அங்கோர் வாட்: மூன்று நாள் அனுமதிச்சீட்டும் ஒரு நீண்ட சுவரும்

கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் கடந்த ஜனவரி மாதம் நானும் என் மனைவியும் எழுபத்தொரு வயதான என் தாயாரும் ஐந்து இரவுகள் தங்கி, அங்கோர் வளாகத்துக் கோயில்களை மூன்று நாள்கள் சுற்றிப் பார்த்தோம். புறப்படுவதற்கு முன் நான் படித்த பயணக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே திட்டத்தைத்தான் சொல்லின: விடியற்காலையில் அங்கோர் வாட்டின் குளக்கரையில் சூரிய உதயம், அதன்பின் பாயோன், மதியம் மரவேர்கள் கவ்விப் பிடித்த தா புரோம், மாலையில் குன்றின்மேல் சூரிய அஸ்தமனம், மறுநாள் விமானம். அந்தத் திட்டப்படி போயிருந்தால் படங்கள் நிறையக் கிடைத்திருக்கும், ஆனால் கோயிலைப் பார்த்திருக்க மாட்டோம் என்பது திரும்பி வந்தபின் என்னுடைய உறுதியான கருத்து. தொலைவிலிருந்து தெரியும் ஐந்து கோபுரங்களின் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்தக் கோயிலின் பெரும் செல்வம் அதன் வெளிச்சுற்று மண்டபங்களின் சுவர்களில் நீண்டு ஓடும் புடைப்புச் சிற்பங்களில் இருக்கிறது. அவற்றுக்கு மட்டுமே ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும்.

முதலில் அனுமதிச்சீட்டு. நாங்கள் சென்றபோது வெளிநாட்டவருக்கு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாள்களுக்கு 62 டாலர், ஏழு நாள்களுக்கு 72 டாலர் என்று கட்டணம் இருந்தது. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாள்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, பத்து நாள்களுக்குள் விரும்பிய மூன்று நாள்களில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது முதியவர்களோடு செல்பவர்களுக்குப் பேருதவி. நாங்கள் இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையே ஒரு நாள் முழுவதும் ஓய்வெடுத்தோம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் வயதைக் காட்டக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். விற்கும் ஒவ்வொரு சீட்டிலிருந்தும் இரண்டு டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது என்று அறிந்தபோது, கட்டணம் அதிகமோ என்று வரிசையில் நின்று நினைத்தது மனத்திலிருந்து அகன்றது. சீட்டு விற்கும் அலுவலகம் கோயில் வாசலில் இல்லை. நகருக்கும் கோயில்களுக்கும் நடுவே தனிக் கட்டடமாக இருக்கிறது. அங்கே முகத்தைப் படம் எடுத்து அந்தப் படத்துடனேயே சீட்டை அச்சிட்டுத் தருகிறார்கள். இணையத்திலும் வாங்கலாம். மாலை ஐந்து மணிக்குமேல் வாங்கினால் மறுநாளுக்கான சீட்டாகவே தருகிறார்கள், அன்று மாலை அஸ்தமனம் பார்க்கவும் அதையே காட்டிப் போகலாம். இதனால் விடியற்காலை வரிசையில் நிற்கும் அலைச்சல் மிச்சமாகிறது. ஒவ்வொரு கோயிலிலும் சீட்டைக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள் என்பதால் அதைப் பையின் அடியில் திணித்து வைக்காமல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வது நல்லது.

அங்கோர் வாட் காலை ஐந்து மணிக்கே திறக்கப்படுகிறது. முதல் நாள் நாங்களும் எல்லோரையும்போல இருட்டில் எழுந்து, டுக் டுக் எனப்படும் வாடகை வண்டியில் குளிர்காற்று முகத்தில் அடிக்க, ஐந்தே காலுக்கு மேற்கு வாசலில் இறங்கினோம். அகழியின் அகலம் மட்டுமே ஏறத்தாழ 190 மீட்டர். அதைக் கடக்கும் கற்பாலத்தில் கைவிளக்குகளும் கைப்பேசி வெளிச்சமும் ஒரு நீண்ட ஊர்வலமாக நகர்ந்துகொண்டிருந்தன. உள்ளே இடப்புறக் குளத்தின் கரையில் முன்னூறு பேராவது இருந்திருப்பார்கள். கோபுரங்களுக்குப் பின்னால் வானம் ஊதா நிறத்திலிருந்து மெல்ல ஆரஞ்சுக்கு மாறி, அதன் நிழல் அப்படியே நீரில் விழுந்தபோது கூட்டம் முழுவதும் ஒரு கணம் பேச்சற்று நின்றதை நான் மறக்க மாட்டேன். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்களில் நடைபாதையில் நின்று பார்த்தால் சூரியன் நடுக்கோபுரத்தின் உச்சியிலிருந்தே எழும். மற்ற மாதங்களில் ஒரு பக்கமாக விலகித்தான் எழுகிறது. ஜனவரியில் அது வலப்புறம் நன்றாகவே தள்ளி வந்தது. இந்தக் காட்சி ஒருமுறை காணத் தகுந்தது. ஆனால் இதற்காகவே இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உதயம் முடிந்ததும் பெரும்பாலோர் காலை உணவுக்காக வெளியேறுகிறார்கள். அந்த ஆறரை மணியிலிருந்து எட்டரை மணி வரையிலான இரண்டு மணி நேரம்தான் அங்கோர் வாட் தரும் மிகச் சிறந்த பொழுது. இந்தக் கோயில் மேற்கு நோக்கியது. ஆகவே முகப்பிலுள்ள மேற்கு மண்டபங்களில் காலையில் வெளிச்சம் குறைவு, மாலையில்தான் சிற்பங்கள் துலங்கும். காலை வெயில் விழுவது பின்புறமான கிழக்கு மண்டபத்தில். பாற்கடல் கடையும் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. எனவே நடுக்கோபுரத்தை நோக்கிப் போகும் ஆவலை அடக்கிக்கொண்டு, வெளிச்சுற்று வழியாகவே நேரே பின்புறத்துக்குச் சென்றுவிட வேண்டும். நடக்க முடியாதவர்கள் இருந்தால் டுக் டுக் ஓட்டுநரிடம் கிழக்கு வாசலில் இறக்கிவிடச் சொல்லலாம். அங்கே கற்பாலத்துக்குப் பதில் மண்பாதை, மரநிழல், மேற்கைவிடக் குறைந்த நடை. இரண்டாம் நாள் என் தாயாரை அந்த வழியாகத்தான் அழைத்துச் சென்றோம்.

அந்தச் சுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிழக்கு மண்டபத்தின் தென்பகுதியில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சி: வாசுகியைக் கயிறாகப் பற்றி இழுக்கும் 92 அசுரர்கள் ஒரு பக்கம், 88 தேவர்கள் மறுபக்கம், நடுவே மந்தர மலையை ஒட்டித் திருமால், மலைக்கு அடியில் கூர்மம். கதை நமக்குத் தெரிந்ததே. ஆனால் தெரிந்த கதையை இவ்வளவு பொறுமையாகக் கல்லில் நீட்டிப் படிக்கும் வாய்ப்பு வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. அசுரர்களுக்கு உருண்டு துருத்திய கண்களும் போர்வீரரின் தலையணியும், தேவர்களுக்கு வாதுமை வடிவக் கண்களும் கூம்பிய மகுடமும் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் முழங்கால் மடிப்பும் ஒரே கோணத்தில் இருப்பதால் சுவர் முழுவதும் ஒரே இழுப்பில் அசைவதுபோல் தோன்றுகிறது. கீழே கடல். மீன்களும் முதலைகளும் பாம்புகளும் நீந்திக்கொண்டிருக்கும் அந்தக் கடலைச் சுவரின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். மத்து சுழலும் இடம் நெருங்க நெருங்க உயிரினங்கள் நெருக்கமாகி, மலையின் அருகே வரும்போது மீன்கள் இரண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கின்றன. நீரின் சுழற்சி எவ்வளவு கடுமையானது என்பதைச் சிற்பி இப்படிச் சொல்லியிருக்கிறார். அதைக் கண்டபோது நான் சுவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் தாயார் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்று, விரலால் காற்றிலேயே சுட்டியபடி தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொரு உருவமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அசுரர்கள் தலைப்பக்கம், தேவர்கள் வால்பக்கம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று தமக்குள் சொல்லிக்கொண்டே போனவர், வால் முனைக்கு வந்ததும் நின்றுவிட்டார். அங்கே வாலைப் பற்றிக்கொண்டு நிற்பது ஒரு பெரிய வானர உருவம். “பாற்கடல் கடையறப்போ குரங்கு எங்கேடா வந்தது?” என்று கேட்டார். எங்கள் வழிகாட்டி அதை அனுமன் என்றார். சுக்கிரீவன் என்று சொல்பவர்களும் உண்டு. நமக்குத் தெரிந்த கதையில் இல்லாத ஒருவரைக் கம்போடியாவின் கெமர் இனச் சிற்பிகள் தங்கள் மரபுப்படி கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன்பின் அவர் ஒவ்வொரு சுவரிலும் தமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். அடுத்த இரண்டு நாள்களும் எங்களுக்கு உண்மையான வழிகாட்டி அவர்தான்.

இந்த மண்டபத்தின் கூரை வழியே கசிந்த மழைநீரும் அது கொண்டுவந்த உப்பும் சிற்பங்களை அரிக்கத் தொடங்கியதால், உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற அமைப்பு கூரைக் கற்களைப் பிரித்து, மழைநீர் உள்ளே இறங்காதபடி மீண்டும் அடுக்கியிருக்கிறது. பல இடங்களில் சிற்பங்களின் மேற்பரப்பு கறுத்து, எண்ணெய் தேய்த்த தூண்போல மின்னுகிறது. தலைமுறை தலைமுறையாக மனிதக் கைகள் தடவியதால் வந்த மெருகு என்கிறார்கள். இப்போது தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். அப்படியும் எங்கள் கண்ணெதிரே ஓர் இளைஞர் எட்டி வாசுகியின் உடலைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டார், தடுக்க அருகில் காவலர் எவரும் இல்லை. மிக மென்மையான மணற்கல் அது, தயவுசெய்து தொடாதீர்கள்.

மற்ற மண்டபங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்கில் வலப்பகுதியில் குருச்சேத்திரப் போர், இடப்பகுதியில் இலங்கைப் போர். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரையும், அனுமனின் தோளில் நின்று அம்பு தொடுக்கும் இராமனையும் எளிதில் கண்டுகொள்ளலாம். தெற்கில் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் குடைகளும் சாமரங்களும் சூழ அமர்ந்திருக்கிறான், அவனுடைய படை யானைகளோடு அணிவகுத்துச் செல்கிறது. அதையடுத்து எமதர்மனின் தீர்ப்பும், சொர்க்கங்களும் நரகங்களும். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுப்பப்பட்ட இந்த விஷ்ணு ஆலயத்தின் சிற்பங்களை வரிசையாகப் பார்க்க வேண்டுமானால் கோயிலை வலமாக அல்லாமல் இடமாக, அதாவது அப்பிரதட்சிணமாகச் சுற்ற வேண்டும். மேற்கு நோக்கிய வாசலையும் இந்த எதிர்ச்சுற்றையும் வைத்து, மன்னனின் இறுதிச் சடங்கோடும் நினைவோடும் தொடர்புடைய கோயில் இது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்த வாசலிலும் இதை விளக்கும் பலகை ஒன்றைக்கூட நான் காணவில்லை, இது இந்த இடத்தின் பெரிய குறை. 62 டாலர் வாங்கும் இடத்தில் சுவர்களின் வரைபடம் அச்சிட்ட ஒரு தாளையாவது கையில் கொடுக்கலாம்.

கட்டுமானத்தைப் பற்றியும் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது இரட்டிப்பாகும். அடித்தளத்துக்கும் மதிலுக்கும் செம்பூரான்கல், மேலே தெரியும் அனைத்துக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குலென் மலைப்பகுதியிலிருந்து கொண்டுவந்த மணற்கல். கற்களில் ஆங்காங்கே தெரியும் விரல் பருமனான வட்டத் துளைகள், தூக்கி இழுப்பதற்காக மரமுளை செருகியவை. ஒரு கல்லை இன்னொன்றின்மேல் தேய்த்து இணைத்திருப்பதால் சாந்துப் பூச்சு இல்லை, சில இணைப்புகளில் நகம்கூட நுழையாது. வளைவுக் கட்டுமானத்தை அவர்கள் கையாளவில்லை. இருபுறச் சுவர்களிலிருந்தும் கற்களைப் படிப்படியாக முன்னே நீட்டி உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். இதனால்தான் இவ்வளவு பெரிய கோயிலில் மண்டபங்கள் மட்டும் குறுகலாக இருக்கின்றன. கட்டடம் நிற்பது மணற்படுகையின்மேல். அந்த மணல் ஈரமாக இருக்கும்வரைதான் அது உறுதி. அகழியும் நிலத்தடி நீரும் அந்த ஈரத்தைக் காக்கின்றன. நகரில் விடுதிகள் பெருகி நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதைப் பற்றி வல்லுநர்கள் கவலைப்படுவதன் காரணம் இதுவே. விடுதி அறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் பல் துலக்கும் பழக்கத்தை அன்றே நான் நிறுத்தினேன்.

மூன்றாம் நிலையான பாகான், நடுக்கோபுரத்தைச் சுற்றிய உச்சி மேடை. நிலமட்டத்திலிருந்து நடுக்கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். பழைய கற்படிகள் ஏணிபோலச் செங்குத்தானவை என்பதால் அவற்றின்மேல் மரப்படிகளும் கைப்பிடியும் அமைத்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் நூறு பேருக்குமேல் அனுமதிப்பதில்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம், மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு சமாளிக்க விடமாட்டார்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. பௌத்தப் புனித நாள்களில் மூடிவிடுவதால் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுச் செல்ல வேண்டும். முதல் நாள் ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றவர்கள் முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்தார்கள். இரண்டாம் நாள் ஏழே முக்காலுக்குச் சென்ற எனக்கும் மனைவிக்கும் ஐந்து நிமிடங்களில் இடம் கிடைத்தது. மேலிருந்து பார்க்கும்போது மேற்கு நடைபாதையும் அகழியும் அதற்கப்பால் காடும் ஒரே கோட்டில் விரிகின்றன. இறங்குவது ஏறுவதைவிடக் கடினம், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம். என் தாயார் கீழ் முற்றத்து நிழலில் அமர்ந்து, எதிர்ச்சுவரிலிருந்த தேவதை உருவங்களின் கொண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட அந்தப் பெண்ணுருவங்களில் சிகையலங்காரமும் அணிகலனும் பலவகையாக வேறுபடுகின்றன. மேற்குக் கோபுரவாயிலில் பல் தெரியச் சிரிக்கும் ஒருத்தி இருக்கிறாள், வழிகாட்டியிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

வழிகாட்டி என்றதும் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். முதல் நாளுக்கு நாங்கள் தங்கிய விடுதியே ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்து தந்தது. அவர் பண்பானவர்தான், ஆனால் எங்களை ஒவ்வொரு படப்பிடிப்புக் கோணத்திலும் நிறுத்திக் கைப்பேசியை வாங்கிப் படம் எடுத்துத் தருவதையே தம் பணியாகக் கருதினார். குருச்சேத்திரச் சுவரை நாங்கள் நான்கு நிமிடத்தில் கடந்தோம். நண்பகலில் ஒரு பட்டுக் கடைக்கு அழைத்துச் சென்று அரை மணி நேரம் உட்கார வைத்தார். விடுதியிடம் சொல்லி மறுநாளுக்கு வேறொருவரைக் கேட்டோம். வந்தவர் சுவரில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அறிந்தவர். சிறிய கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, மங்கிப்போன உருவங்களின் விளிம்பை எங்களுக்குக் காட்டினார். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் பலர் இருக்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதே சிற்ப மண்டபங்களில் இரண்டு மணி நேரம் வேண்டும், கடைகள் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அங்கோர் வாட் இன்றும் வழிபாட்டிடம் என்பதைப் பயணக் குறிப்புகள் போதிய அளவு சொல்வதில்லை. விஷ்ணு ஆலயமாக எழுந்து பின்னர் பௌத்தத் தலமாக மாறிய இக்கோயிலின் மேற்குக் கோபுரவாயிலில் எட்டுக் கைகளுடன் ஒரு பெரிய திருவுருவம் நிற்கிறது. விஷ்ணுவாகச் செதுக்கப்பட்ட அதனை ஊர் மக்கள் தா ரீச் என்ற காவல் தெய்வமாக வணங்குகிறார்கள். நாங்கள் சென்றபோது புதுமணத் தம்பதியர் ஊதுவத்தியும் தாமரை மொட்டும் வைத்து வணங்கிக்கொண்டிருந்தனர். என் தாயாரும் அவர்களிடமே ஓர் ஊதுவத்தி வாங்கி ஏற்றினார், எவரும் எதுவும் கேட்கவில்லை. அதே வாயிலின் தூண்களில் போர்க்காலத் துப்பாக்கிக் குண்டுகளின் தழும்புகளும் இருக்கின்றன. கொடிய ஆட்சியையும் உள்நாட்டுப் போரையும் கடந்துவந்த ஒரு மக்கள், தங்கள் தேசியக்கொடியின் நடுவிலேயே இந்தக் கோயிலை வைத்திருப்பதன் பொருள் அந்த இடத்தில் எனக்கு விளங்கியது.

அங்கோர் தொம் நகரின் நடுவிலுள்ள பாயோன், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த ஏழாம் ஜெயவர்மன் எழுப்பியது. கோபுரந்தோறும் நாற்புறமும் புன்னகைக்கும் பெருமுகங்களைக் காணத்தான் எல்லோரும் படியேறுகிறார்கள். ஏறுவதற்கு முன் கீழ்ச்சுற்றுச் சுவரைப் பாருங்கள். போர்க்களங்களுக்கு இடையே சமையல், மீன்பிடிப்பு, சேவற்சண்டை, சந்தை வியாபாரம் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய அன்றாட வாழ்க்கை அப்படியே இருக்கிறது. கொதிக்கும் பானையில் முழுப் பன்றியை இறக்கும் சமையற்காரர்களை என் மனைவி கண்டுபிடித்தார்.

பாயோனுக்கு அருகிலுள்ள பாபுவோனில் பார்க்க வேண்டியது அதன் மீட்பின் வரலாறு. சரிந்துகொண்டிருந்த கோயிலைச் சீரமைக்க 1960களில் பிரெஞ்சு வல்லுநர்கள் கற்களைக் கழற்றி எண்ணிட்டுச் சுற்றிலும் காட்டில் பரப்பி வைத்தார்கள். மூன்று இலட்சம் கற்கள். போர் வந்தது, எந்தக் கல் எங்கே சேரும் என்ற குறிப்பேடுகள் கெமர் ரூஜ் என்ற கொடிய ஆட்சியின் காலத்தில் அழிந்தன. 1995இல் மீண்டும் தொடங்கி, ஒவ்வொரு கல்லாகப் பொருத்திப் பார்த்து, 2011இல்தான் முடித்தார்கள். பின்புறச் சுவரின் நீளம் முழுவதும் படுத்திருக்கும் புத்தர் உருவம் பிற்காலத்தில் அமைத்தது. சற்றுத் தொலைவில் நின்று பொறுமையாகப் பார்த்தால்தான் முகம் புலப்படும்.

தா புரோம் 1186இல் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக அமைத்தது. வேர்களையும் சுவர்களையும் பிரிக்க முடியாதபடி மரங்கள் வளர்ந்திருக்கும் இந்தக் கோயிலின் சீரமைப்பில் இந்தியத் தொல்லியல் துறை பல ஆண்டுகளாகப் பங்கேற்று வருகிறது. மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டால் சுவர் பிளக்கும் என்ற சிக்கலில் எடுத்த ஒவ்வொரு முடிவையும் அங்கங்கே நிற்கும் தாங்குகம்பங்களில் காணலாம். பத்து மணிக்குமேல் நுழைந்தால் படம் எடுப்போர் வரிசையைத் தவிர வேறெதையும் காண முடியாது, ஏழரை மணிக்குத் திறந்தவுடன் சென்றுவிடுங்கள். புனோம் பாகெங் குன்றில் அஸ்தமனம் பார்க்க முன்னூறு பேர் வரைதான் அனுமதி, அதற்காக நான்கு மணியிலிருந்தே காத்திருக்கிறார்கள். நாங்கள் அதை விட்டுவிட்டு ஸ்ரா ஸ்ராங் ஏரியின் படித்துறையில் அமர்ந்தோம். கூட்டமில்லை, நீரில் எருமைகள் கிடந்தன, அஸ்தமனமும் அழகாகவே இருந்தது.

வசதிகளைப் பொறுத்தவரை, கழிப்பறைகள் தூய்மையாக இருந்தன, அனுமதிச்சீட்டைக் காட்டினால் கட்டணம் கேட்கவில்லை. குடிநீரும் இளநீரும் எங்கும் கிடைக்கின்றன. உட்கார இடங்கள்தான் மிகக் குறைவு. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் மடக்கு முக்காலி ஒன்றை எடுத்துச் செல்வது நல்லது. ஜனவரியிலேயே பதினொரு மணிக்குமேல் வெயில் தாங்கவில்லை. பதினொன்று முதல் மூன்று வரை விடுதிக்குத் திரும்பி ஓய்வெடுத்து, மாலையில் மீண்டும் வந்தோம். டுக் டுக்கை நாள் முழுவதற்கும் பேசிக்கொண்டால் இப்படி இரண்டு நடை வரவும் ஒப்புக்கொள்கிறார்கள், புறப்படும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். சைவ உணவுக்கு நகரில் இந்திய உணவகங்கள் உண்டு. கெமர் உணவகங்களில் மீன்சாறும் இறால் விழுதும் பலவற்றில் கலந்திருப்பதால் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். தேங்காய்ப்பாலில் மீனுக்குப் பதில் காய்கறி சேர்த்து வாழையிலைத் தொன்னையில் அவிக்கும் அமோக் என் தாயாருக்கு மிகவும் பிடித்துப்போனது. புதிய விமான நிலையம் 2023இல் திறக்கப்பட்டபின் நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விட்டது. திரும்பும் நாளில் அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கில் வையுங்கள்.

மூன்றாம் நாளை நாங்கள் பண்டே ஸ்ரே கோயிலுக்கென்று வைத்திருந்தோம். நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர், வழியெங்கும் நெல்வயல்களும் பனைமரங்களும். பனஞ்சாற்றை அகன்ற இரும்புச் சட்டியில் காய்ச்சி வெல்லம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடிசையில் நிறுத்தி, ஓலையில் சுற்றிய கருப்பட்டி வில்லைகளை வாங்கினோம். 967இல் குடமுழுக்கு கண்ட சிவாலயம் இது. மன்னர் கட்டியதன்று, அரசவையில் இருந்த யக்ஞவராகர் என்ற அந்தணர் எழுப்பியது. அங்கோர் வாட்டைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு பேழையளவுதான், ஆனால் இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரவேலைபோல ஆழ்ந்து குடைந்த இந்தச் செதுக்கலுக்கு இணையானதை வளாகம் முழுவதிலும் நான் காணவில்லை. கைலாயத்தை அசைக்கும் இராவணன், காண்டவ வனத்தின்மேல் மழை பொழியும் இந்திரன், கம்சனைக் கொல்லும் கண்ணன் என்று நூலகம் எனப்படும் இரு சிறு கட்டடங்களின் முகப்பிலேயே ஒரு மணி நேரம் கழிந்தது.

உள்மதிலின் கிழக்கு வாயிலுக்கு மேலே ஆடும் சிவன். பத்துக் கைகள். காலடியில் ஓர் ஓரத்தில், எலும்பு தெரிய மெலிந்து, மார்பு வற்றிய ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் இவரைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் நாம் காணும் அதே அம்மையார், அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பாகவே இங்கே கல்லில் அமர்ந்துவிட்டார். கெமர் எழுத்தே பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது என்று படித்திருந்தேன், ஆனால் ஒரு நாயன்மாரை இங்கே இப்படிக் காண்பேன் என்று எண்ணியிருக்கவில்லை. வாயில் கிழக்கு நோக்கியது என்பதால் காலை எட்டு மணி வெளிச்சத்தில் அந்த உருவம் தெளிவாகத் தெரியும், பகல் ஏறினால் விளிம்பின் நிழல் விழுந்து மறைந்துவிடும். உருவம் சிறியது. தொலைநோக்கியோ படத்தைப் பெரிதாக்கும் கைப்பேசியோ இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். என் தாயார் அவற்றில் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. கையை நெற்றிக்கு மேல் குடைபோல வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “அம்மா இங்கேயும் உட்கார்ந்துதான் இருக்கா” என்றார்.